ஒரு வினாடிக்கு என்ன விலை?

திருவையாறு என்றதும் என்ன ஞாபகம் வரும்? தியாகராஜர் ஆராதனை, ஐயாறப்பர் கோயில், காவிரிப் படித்துறை, அப்புறம் அசோகா அல்வா. அனிமேஷன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்!

ஆனால் டெல்டா பக்கம் ஓவியம் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கும்பகோணத்திலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னைக்குப் போனால் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கல்லூரி. இப்படி ஓர் இடத்தில் படிப்பை முடித்துவிட்டுத் திருவையாற்றுக்குத் திரும்பும் ஒரு பையனையோ பெண்ணையோ கற்பனை செய்து கொள்ளுங்கள். வீட்டில் மாமா கேட்கிறார்.

"படிப்பு முடிஞ்சிடுச்சு. அடுத்து என்னப்பா?"

"அனிமேஷன் மாமா. ஃப்ரீலான்ஸா பண்ணப் போறேன்."

"ஃப்ரீயாவா? அப்ப சாப்பாட்டுக்கு?"

சிரிப்பு வரும். ஆனால் மாமா கேட்டது சரியான கேள்விதான். புதிதாகத் தொழிலில் இறங்கும் பலரும் பாதி வேலையை ஃப்ரீயாகத்தான் செய்கிறார்கள், அது தங்களுக்கே தெரியாமல்! எப்படி என்று பார்க்கலாம்.

முதல் வேலை பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகத்தான் வரும். மாமாவுக்குத் தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு ஒரு விளம்பரம். "முப்பது செகண்டுதானே தம்பி, சின்ன வேலை. அஞ்சாயிரம் வாங்கிக்க" என்கிறார். முதல் வாய்ப்பு! தம்பி உடனே தலையாட்டி விடுகிறான்.

இப்போது கணக்கு. சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 ஃப்ரேம். 30 வினாடிக்கு 720. கையால் வரையும் அனிமேஷனில் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி வைப்பது வழக்கம். அப்படிப் பார்த்தாலும் 360 படங்கள் வேண்டும். ஒரு நாளைக்கு 20 படம் வரைந்து வண்ணம் தீட்டி முடிக்கிற கை என்றாலும் 18 நாள். கதைப்பலகை, பின்னணி, சத்தம் சேர்ப்பது, திருத்தங்கள் எல்லாவற்றுக்கும் இன்னொரு வாரம் போடுங்கள். மொத்தம் 25 நாள். ஐயாயிரத்தை 25ஆல் வகுத்தால் நாளைக்கு 200 ரூபாய்.

2025-26இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். நான்கு வருடம் ஓவியக் கல்லூரியில் படித்தவனுக்கு அதைவிடக் குறைவு! கரண்ட் பில், கம்ப்யூட்டர் தேய்மானம் எல்லாம் தனி. கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவருக்கு முப்பது வினாடி என்றால் முப்பது வினாடிதான். அதற்குள் 360 படம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரியில் உடற்கூறு சொல்லித் தருகிறார்கள், வண்ணம், கோடு எல்லாம் சொல்லித் தருகிறார்கள். தன்னுடைய ஒரு வினாடிக்கு என்ன விலை என்பதைத் தானாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தப் பாதையில் முன்னால் நடந்தவர்கள் யார்? இந்திய அனிமேஷனின் தந்தை என்று அழைக்கப்படும் ராம் மோகனைப் பார்க்கலாம். 1931இல் பிறந்தவர். 1956இல் பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அங்கே சொல்லிக்கொடுக்க வந்தவர் கிளேர் வீக்ஸ், டிஸ்னியில் வேலை பார்த்தவர். ராம் மோகன் அந்த அரசு வேலையை விட்டது 1967இல். அடுத்து பிரசாத் நிறுவனத்தின் அனிமேஷன் பிரிவு. சொந்தமாக 'ராம் மோகன் பயோகிராஃபிக்ஸ்' ஆரம்பித்தது 1972இல். அதாவது தனியாக நிற்பதற்கு முன்னால் 16 வருடம் அடுத்தவர் கூடத்தில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்!

பெரும் கனவுப் படத்தோடுதான் எல்லாம் தொடங்கும் என்றும் நினைக்க வேண்டாம். அடுத்தவர்கள் எடுத்த சினிமாவுக்குள் வரும் சின்னச் சின்னத் துண்டுகளையும் அவர் செய்து கொடுத்தார். மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' (1969), சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977) இரண்டிலும் வரும் அனிமேஷன் அவர் கைவண்ணம்தான். ஜப்பானியர்களோடு சேர்ந்து இயக்கிய ராமாயணப் படம் 1992இல்தான் வந்தது. பத்மஸ்ரீ 2014இல். 2019இல் மறைந்தார். இந்த வருடங்களை வரிசையாகப் படித்தாலே போதும், 'ஆறு மாசத்துல செட்டில் ஆகிடலாம்' என்ற நினைப்பு போய்விடும்.

நம் பக்கத்து உதாரணம் டிராட்ஸ்கி மருது. மதுரையில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். ஓவியம், பத்திரிகைப் படங்கள், சினிமா, கணினி அனிமேஷன் என்று ஒன்றோடு நிற்காமல் எல்லாவற்றிலும் கை வைத்தார். தமிழ் மன்னர்களை வரைந்து 'வாளோர் ஆடும் அமலை' என்று புத்தகமே போட்டார். அனிமேஷன் வேலை வராத மாதத்தில் அட்டைப்படமோ கதைப்பலகையோ வரைந்து பிழைக்கலாம் என்பது ஓவியம் படித்தவனுக்கு உள்ள வசதி. மென்பொருள் மட்டும் படித்தவனுக்கு அது கிடையாது.

கருவிகள் இப்போது பிரச்சினையே இல்லை. பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசம். 2002இல் இணையத்தில் நிதி திரட்டி, ஒரு லட்சம் யூரோ கொடுத்து அதைப் பொதுச்சொத்து போல ஆக்கினார்கள். லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் அதே பிளெண்டரில் செய்த 'ஃப்ளோ' 2025இல் ஆஸ்கர் வாங்கியது! படத்தில் வசனம் கிடையாது. ஒரு பூனை, பெருகி வரும் வெள்ளம். வெள்ளத்தைப் பற்றி டெல்டாக்காரர்களுக்குத் தெரியாததா?

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. இன்று அதே ஜவுளிக்கடைக்காரர், "ஏஐ-ல எழுதிக் குடுத்தா வீடியோ வந்துடுதாமே" என்று கேட்பார். வாஸ்தவம், வருகிறது. முன்பு புதியவர்களுக்குக் கிடைத்த சின்ன வேலைகளைத்தான் அது முதலில் பிடுங்குகிறது. இதற்குச் சுலபமான பதில் இல்லை. ஆனால் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை ஒரு தட்டு தட்டிவிட்டுப் பாருங்கள். ஓரத்தில் மெதுவாகும், நடுவில் வேகமாகும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் குறையும், கடைசியில் நிற்கும். அந்த வேகத்தையும் தயக்கத்தையும் கண்ணால் பிடித்து, 'இந்தக் கடைக்கு, இந்தப் பாட்டிக்கு, இவ்வளவு தயக்கம் போதும்' என்று முடிவெடுப்பவர்தான் அனிமேட்டர். காசு கேட்க வேண்டியது அந்த முடிவுக்குத்தான்.

அதைக் கேட்கக் காகிதம் வேண்டும். கடைக்காரர் சொந்தக்காரராகவே இருந்தாலும் ஒரு பக்கம் எழுதிக் கொள்ளுங்கள். எத்தனை வினாடி, எந்தத் தேதி, முன்பணம் எவ்வளவு, எத்தனை தடவை திருத்தம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு, "அந்தப் பொண்ணு இந்தப் பக்கம் திரும்பி நடந்தா நல்லாருக்குமே" என்பார்கள். அவர்களுக்கு அது ஒரு வாக்கியம், வரைபவருக்கு நான்கு ராத்திரி.

இன்னொன்று. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அவரே முதல் உரிமையாளர். ஆகவே 'என் வேலை மாதிரியாக இதை மற்றவர்களுக்குக் காட்டிக்கொள்வேன்' என்ற ஒரு வரியை முதலிலேயே எழுதி வாங்குவது நல்லது. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வருமானம் 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்பதால் ஆரம்பத்தில் அந்தப் பயம் வேண்டாம்.

ஊரிலேயே இருப்பதா, சென்னைக்குப் போவதா? ராம் மோகன் கதை சொல்வது, முதலில் நாலு பேர் வேலை செய்யும் இடத்தில் கொஞ்ச காலம் இருங்கள் என்பதைத்தான். பக்கத்து மேஜைக்காரர் ஒரு ஷாட்டுக்கு எத்தனை நாள் எடுக்கிறார் என்பதைப் பார்த்தால்தான் தன் நாளின் அளவு தெரியும். அது தெரிந்தபின் திருவையாற்றில் உட்கார்ந்தும் வரையலாம். வாடகை மிச்சம், அம்மா கைச் சாப்பாடு.

கடைசியில் ஒன்று. இதையெல்லாம் வீட்டுக்குப் புரிய வைக்க முடியாது என்று நினைக்கிறார்கள். தப்பு! மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பார்களா என்று ஒவ்வொரு வருடமும் காத்திருக்கும் ஊர் இது. முதலில் செலவு, பிறகு உழைப்பு, நாலு மாதம் கழித்துத்தான் பணம், அதுவும் மழை கெடுக்காமல் இருந்தால். எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லைத் தின்னக்கூடாது. ஃப்ரீலான்ஸ் என்பது இதேதான். மாதச் சம்பளக்காரருக்குப் புரியாதது குறுவை போடும் மாமாவுக்குச் சட்டென்று புரியும்.

அடுத்த தடவை அவர் கேட்டால் இப்படிச் சொல்லிப் பாருங்கள். "ஒரு செகண்டுக்குப் பன்னிரண்டு படம் மாமா. ஒரு நாளைக்கு இருபதுதான் போட முடியும்."

மாமா மனக்கணக்குப் போடுவார். போட்டுவிட்டு, "அப்ப அஞ்சாயிரம் கட்டாதேப்பா, நானே அவர்ட்ட பேசறேன்" என்பார்.