உறைத் தண்ணீர்

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இருக்கிற தொட்டி மீனுக்காகக் கட்டியதல்ல. அப்பா காலத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கட்டியது. மாடுகளை விற்ற பிறகு பல வருடம் உடைந்த குடமும் தேங்காய் மட்டையுமாகக் கிடந்தது. எங்கள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கடுத்த வருடம் ஊரடங்கு வந்து எல்லோரையும் வீட்டுக்குள் தள்ளியபோது, கைக்கு வேலை தேடிய நான் அந்தத் தொட்டியைக் கண்டுபிடித்தேன். சுவரை ஒரு அடி உயர்த்தி உள்ளே பூச்சு பூசினேன். இப்போது நீளம் 6 அடி, அகலம் 4 அடி. 2 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் ஏறக்குறைய 1,350 லிட்டர்.

புதுச் சிமென்டில் உடனே மீன் விடக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. சுண்ணாம்பு இறங்கித் தண்ணீர் காரமாகிவிடும். அம்மா வாழைத்தண்டை வெட்டி உள்ளே போடச் சொன்னாள். அது அழுகி நாறி, தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிரப்பி, மறுபடி தண்டு போட்டு, இரண்டு வாரம் கழித்துத்தான் மீன் வந்தது. தங்க மீன் எட்டு, கப்பி பதினைந்து. மொத்தம் இருபத்து மூன்று. தினமும் எண்ணியதால் எண்ணிக்கை இன்னும் நினைவிருக்கிறது.

ஏழெட்டு மாதம் நன்றாகப் போயிற்று. தண்ணீர் மெல்லப் பச்சையானது. சுவரில் கை வைத்தால் வழுக்கியது. அடியில் ஒரு விரல்கடை வண்டல். தங்க மீன்கள் பச்சைக்குள் மறைந்து, பொரி போடும்போது மட்டும் வாயைக் காட்டின. வந்து பார்க்கிற உறவுக்காரர்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "தண்ணிய மாத்தவே மாட்டீங்களா?" அந்தக் கேள்வியில் இருந்த முகச்சுளிப்பு என்னைச் சுட்டது. சமையல்கட்டைக் கழுவாத வீட்டுக்காரியைப் பார்க்கிற பார்வை அது.

ஒரு சித்திரை மாதக் காலையில் இறங்கினேன். மீன்களை அண்டாவில் பிடித்துப் போட்டேன். தொட்டியை ஒட்ட இறைத்து, வண்டலை மண்வெட்டியால் வழித்து, தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்தேன். சிமென்ட் வெளுத்து வரும்வரை தேய்த்தேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்த நேரம், ஓஸ் போட்டு நிரப்பிவிட்டேன். தரை தெரிகிற தண்ணீர். மீன்களை விட்டதும் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

சாயங்காலம் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்தன. மறுநாள் காலை பதினேழு மிதந்தன.

இதற்குக் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள், போடத்தான் வேண்டும். குடிநீர் கடைசிக் குழாய்க்கு வந்து சேரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தரநிலை. அந்த அளவு நமக்கு மருந்து. மீனின் செவுளுக்கு அதில் பாதியே அதிகம். நாம் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறோம், அவ்வளவுதான். மீன் அதைத்தான் மூச்சாக விடுகிறது. ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்திருந்தால் குளோரின் போயிருக்கும். அவசரப்பட்டது நான்.

ஆனால் தப்பிய ஆறில் நான்கு அடுத்த வாரத்தில் செத்தன. அதுதான் எனக்குப் புரியவில்லை. குளோரின் போய் நாளாகிவிட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பச்சைக் குட்டையில் ஏழு மாதம் கொழுத்துத் திரிந்த மீன்கள் சுத்தமான தண்ணீரில் ஏன் சாக வேண்டும்?

அம்மாவுக்குத் தூரத்து உறவில் தம்பி முறையாகும் ஒருவர் ஏரியில் மீன் பாசி குத்தகை எடுக்கிறவர். ஒரு கருமாதியில் பார்த்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"ஏரிய என்னைக்காவது கழுவிப் பாத்திருக்கியா மாப்ள?"

பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. மாமா தொடர்ந்தார். "பழைய தண்ணி முக்கால் பங்கு இருக்கணும். அதுலதான் உசுரு இருக்கு. கால் பங்கு எடு, கால் பங்கு ஊத்து. செவுத்துல பாசிய என்னாத்துக்குத் தேய்ச்ச?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "ஆமா, மோர்ச் சட்டியத் தொடச்சிக் கழுவி வெச்சிட்டு நாளைக்கி ஒறைக்கி எந்த வீட்டுக்குப் போவ?"

மாமாவும் அம்மாவும் சொன்னதைத்தான் 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி கண்ணாடிக் குடுவைகளோடு உட்கார்ந்து கண்டுபிடித்தார். அவர் மண்ணில் பார்த்தது தண்ணீருக்கும் பொருந்தும். மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட பொரி அழுகினாலும் அம்மோனியாதான். அது நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர் அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக மாற்றும். அது மீனுக்குப் பெரிய தொந்தரவில்லை, செடிக்கு உரம். இந்த இரண்டு கூட்டமும் தண்ணீரில் மிதப்பதைவிட சுவரிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்வதைத்தான் விரும்புகின்றன. தேங்காய் நாரால் நான் தேய்த்தெடுத்த வழுக்கலில்தான் குடியிருந்தன. தப்பியிருந்தவற்றைத் தெருக்குழாய்த் தண்ணீர் பார்த்துக்கொண்டது. புதிய குடி வந்து நிலைக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை கண்ணாடி போன்ற அந்தத் தண்ணீரில் மீன்கள் தம் கழிவையே மூச்சாக விட்டுக்கொண்டிருந்தன. சுத்தம் என்று நான் நினைத்தது உறை இல்லாத பால்.

அந்த வழுக்கலை அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் மரியாதையாகப் பார்க்கிறேன். கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் பெரியார் அருவியில் இறங்காமல் திரும்புவதில்லை. அங்கே போகிற ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது பாறையில் வழுக்கி விழுந்து, மற்றவர்கள் சிரித்து, பிறகு முதுகைத் தேய்த்துவிடுவார்கள். நானும் விழுந்திருக்கிறேன். போன முறை போனபோது, ஆட்கள் இல்லாத பக்கமாக ஒரு பாறைக் குழியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். என் தொட்டிச் சுவரில் இருந்த அதே கொழகொழப்பு. மேலிருந்து ஓயாமல் புதுத் தண்ணீர் வந்து விழுகிறது, பழையது ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் கல்லைப் பிடித்திருப்பது அப்படியே இருக்கிறது. குழியில் விரல் நீள மீன்கள் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து நின்றன. கூட வந்த மைத்துனன், "என்ன மச்சான், சாமிக்கல்லாட்டம் தடவுறீங்க" என்றான். வெள்ளிமலைக்குப் போய்ச் சேரும்வரை அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தான்.

இப்போது என் முறை வேறு. பத்து நாளைக்கு ஒரு தரம், காலையில். ஓஸின் ஒரு முனையைத் தொட்டி அடியில் வைத்து, மறுமுனையை வாயால் உறிஞ்சித் தாழ்வில் விட வேண்டும். உறிஞ்சுவதில் ஒரு நிதானம் இருக்கிறது. வண்டல் தண்ணீர் ஓஸில் பாதி வரும்போதே வாயை எடுத்துவிட வேண்டும். மூன்று வருடம் ஆகியும் எனக்கு அது முழுதாகக் கைவரவில்லை. அந்தச் சுவையை விவரிக்கப் போவதில்லை. அடியில் சேர்ந்ததைத் தடவினாற்போல் எடுத்துக்கொண்டு தண்ணீர் போகும். கால் பங்கு என்றால் கிட்டத்தட்ட 340 லிட்டர். பக்கெட் கணக்கில் இருபத்து மூன்று. அது எல்லாம் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது. கறிவேப்பிலை இப்போது சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கிறது. தெருவில் பாதிப் பேருக்கு ரசம் அதில்தான் தாளிக்கிறது.

ஊற்றுவதில்தான் சங்கடம். எங்கள் பக்கம் அடியெல்லாம் பாறை. போர் நூற்றுக்கணக்கான அடி போகிறது. அத்தனை ஆழத்திலிருந்து வருகிற தண்ணீரில் குளோரின் கிடையாது, ஆனால் காற்றும் கிடையாது. வந்த வேகத்தில் அப்படியே விட்டால் மீன் திணறும். அதனால் ஓஸைத் தூக்கிப் பிடித்து, பழைய சல்லடை ஒன்றின் மேல் விழவைத்து, தூறலாக இறக்குகிறேன். மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியில் இருந்து பிடித்தால் வேறு ஆபத்து: சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு அதில் கை வைக்க முடியாது. தண்ணீர் சூடேறச் சூடேறக் காற்றைப் பிடித்து வைக்கிற சக்தி குறைகிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகக் கரைகிற ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைக்கு வந்துவிடும். வேறுபாடு சின்னது என்று நமக்குத் தோன்றும், மீனுக்கு அப்படியல்ல. ஆகவே விடிகாலையில் பிடித்த தண்ணீர்தான். அண்டாவில் ஊற்றி, முழங்கையை விட்டுப் பார்த்து, தொட்டித் தண்ணீரும் அதுவும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பேன். குழந்தையைக் குளிப்பாட்டும் முன் அம்மா பார்ப்பது மாதிரியே.

பச்சையைப் பற்றியும் என் கருத்து முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. பாசி பகலில் காற்றைத் தருகிறது, இரவில் அதுவே இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. நல்ல வெயிலில் பாசி தண்ணீரில் இருக்கிற கரியமில வாயுவை உறிஞ்சி எடுப்பதால் மதியத்துக்கு மேல் தண்ணீர் காரமாகும். அப்படிக் காரம் ஏறினால் அதே அம்மோனியா பல மடங்கு கொடுமையாகிவிடும். லேசான பச்சை சரி; பட்டாணிச் சூப் ஆகிவிட்டால் கை வைக்க வேண்டும். கை வைக்க வேண்டிய இடம்கூடப் பெரும்பாலும் தண்ணீர் அல்ல, பொரிப் பொட்டலம். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் கோயில் குளத்தில் போடுவது மாதிரி கை நிறைய அள்ளிப் போடுகிறார்கள். தடுத்தால் அழுகிறார்கள். இப்போது பொரியை அம்மா பரணில் வைத்திருக்கிறாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் கொசுப்புழு பார்க்க வருகிற பெண் ஒருவர் உண்டு. டார்ச் அடித்து அம்மியடி, டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தபோது தோட்டத்துத் தொட்டியைப் பார்த்ததும் பையிலிருந்து அபேட் மருந்தை எடுத்துவிட்டார். "மீன் இருக்குதுங்க" என்று நான் ஓடினேன். டார்ச் அடித்தார். கப்பிகள் வெளிச்சத்துக்கு வந்தன. "அப்ப சரிங்கண்ணா" என்று மருந்தை உள்ளே வைத்துவிட்டு, கதவில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டுப் போனார். கொசுப்புழு தின்பதற்கென்றே கம்பூசியா என்ற அமெரிக்க மீனை 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். புழுவோடு நம் உள்ளூர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்கிறது என்ற புகார் அதன்மேல் இன்றும் உண்டு. என் கப்பிகளும் வெளியூர்க்காரர்கள்தான். அவற்றைத் தொட்டிக்கு வெளியே விடுவதில்லை என்பதில் கண்டிப்பாக இருக்கிறேன். ஓஸ் முனையில் அம்மாவின் பழைய புடவைத் துணி கட்டியிருப்பது அதற்காகத்தான்.

ஐப்பசியில் மட்டும் எனக்கு வேலை இல்லை. மலையில் மழை பிடித்தால் கல்படை, பொட்டியம் ஆறுகளில் தண்ணீர் இறங்கும். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கோமுகி அணை நிரம்பும். அணைக்கு உயரம் 46 அடி. 44 வந்தாலே பாதுகாப்புக்காக உபரியைத் திறந்துவிடுவார்கள். பேப்பரில் அந்த 44 வந்துவிட்டால் குத்தகை மாமாவைப் பிடிக்க முடியாது. ஏரிக்குப் புதுத் தண்ணீர் வருகிற வாய்க்காலில் மீன் எதிர்த்து ஏறும். கோடி போகிற பக்கம் வலை கட்டி வைக்காவிட்டால் வருடம் முழுக்க வளர்த்தது அடுத்த ஏரிக்குப் போய்விடும். ஊரே தூண்டிலும் கொசுவலையுமாக அங்கே நிற்கும். போன வருடம் மாமா எனக்கு ஒரு தூக்குவாளியில் கெண்டைப் பொடி கொடுத்தனுப்பினார், ஏரித் தண்ணீரோடு. "தண்ணியோட ஊத்திடு மாப்ள, அதையும் கொட்டிடாத" என்று போனில் இரண்டு முறை சொன்னார். என்மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

அன்று ராத்திரி முழுக்கக் கொட்டியது. கூரைத் தண்ணீர் நேராகத் தொட்டியில் விழுந்து, இரண்டு மணி வாக்கில் தொட்டி நிரம்பி வழிந்தது. நான் எழுந்தபோது அம்மா ஏற்கெனவே குடையும் டார்ச்சுமாகத் தோட்டத்தில் நின்றிருந்தாள். வழிகிற தண்ணீர் வாழைப் பாத்திக்குக் கோடு போட்டுப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோட்டில், கால் பதிந்த ஒரு பள்ளத்தில், அன்று வந்த கெண்டை இரண்டு புதுத் தண்ணீரை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. நான் குனிந்து கையால் அள்ளப் பார்த்தேன். இரண்டு தடவையும் நழுவின. மூன்றாவது தடவை அம்மா தன் சொம்பை வைத்து மொண்டுவிட்டாள். சொம்பை என்னிடம் நீட்டினாள். அதில் சேற்றுத் தண்ணீர்தான் பாதி. அலசிவிடலாம் என்று நான் குழாய்ப் பக்கம் ஒரு எட்டு வைத்ததும் டார்ச் என் முகத்துக்கு வந்தது.

"டேய். எங்க போற?"

சொம்பைத் தொட்டிக்குள் அப்படியே சாய்த்தேன்.