வைஸ் எந்தப் பக்கம்?

மந்திர் மார்க்கில் பிர்லா மந்திர், காளி பாரி எல்லாம் கடந்து வடக்கே போனால், வால்மீகி கோயிலருகே சாலை பஞ்ச்குயான் சாலையில் சேர்கிறது. மரச்சாமான் கடைகளுக்குப் பேர்போன சாலை அது. தில்லிக்கு மாற்றலாகி வந்த தமிழர்களில் எனக்குத் தெரிந்த பலர் முதல் கட்டிலை வாங்கியது இங்கேதான். முன்னால் பாலிஷ் மினுங்கும் கடைகள். நான் பார்க்க விரும்பியது பின்சந்தில் இருந்த பட்டறையை.

உள்ளே இருவர் தரையில் குந்தி, ஷீஷம் மரச் சட்டத்தைப் பாதத்தால் அழுத்திக்கொண்டு உளி போட்டுக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் ஆசாரிகளும் காலங்காலமாக இப்படித்தான் வேலை செய்திருக்கிறார்கள். கால்தான் அவர்களுக்கு வைஸ், அதாவது மரத்தை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி. அந்தப் பிடியின் நுட்பத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் உளியின் வாய்க்கு இரண்டு விரற்கடை தூரத்தில் கட்டைவிரல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

சுவரோரம் புதிய வேலை மேசை ஒன்று நின்றது. மூன்று அங்குலத் தடிமனில் பலகை, தடித்த நான்கு கால்கள், மேலே இன்னும் பூட்டாத இரும்பு வைஸ். மூத்த மிஸ்திரி வைஸைத் தொடவில்லை. வெறுங்கையோடு மேசைமுன் நின்று, இழைப்புளி தள்ளுகிற தோரணையில் வலமிருந்து இடமாக நடந்து பார்த்தார்.

“தப்பான இடத்தில் மாட்டினால் சாயங்காலம் இடுப்பு சொல்லும், பாயி சாப்.”

வலக்கைக்காரர் இழைக்கும்போது விசை முழுவதும் இடப்பக்கம் போகிறது. ஆகவே பலகையின் முன்முனையை இடது ஓரத்தில் பிடிக்க வேண்டும். மீதி நீளம் வலப்பக்கம் நீண்டு, வலது முன்காலில் செருகிய முளைமேல் உட்கார்ந்துவிடும். வைஸை வலது ஓரத்தில் வைத்தால், இழைப்புளி பிடியை விட்டு விலகி விலகிப் போகும், பலகையின் தலை துள்ளும். பிரெஞ்சுத் தச்சர் ஆந்திரே ரூபோ 1769-இல் வெளியிடத் தொடங்கிய பெருநூலில் வரைந்த மேசையிலும், பலகையின் நுனியைத் தாங்கும் மரக்கொக்கி இடது முன்புறத்தில்தான் இருக்கிறது.

இடப்பக்கம் என்றால் அதில் எந்த இடம்? காலை ஒட்டி. இரண்டு கால்களுக்கும் நடுவில் பூட்டினால், கொட்டாப்புளியின் ஒவ்வொரு அடிக்கும் மேசைப்பலகை அதிரும். அடியின் பாதிப் பலம் அதிலேயே கரைந்துபோகும். கால் பக்கத்தில் இருந்தால் அடி நேரே தரைக்கு இறங்கும். வைஸின் தண்டுகள் காலில் இடிக்காத அளவுக்கு மட்டும் தள்ளினால் போதும்.

மிஸ்திரி அதிகம் வற்புறுத்தியது வைஸின் உள்தாடையைப் பற்றி. மேசையின் முன்விளிம்பைக் குடைந்து, தாடையை உள்ளே இறக்கி, அதன் முகமும் விளிம்பும் ஒரே தளத்தில் வரும்படி பூட்ட வேண்டும். தாடை வெளியே துருத்தினால் நீளமான கதவுச்சட்டம் தாடையில் மட்டும் ஒட்டிக்கொண்டு, மற்ற இடமெல்லாம் அந்தரத்தில் நிற்கும். இரும்பின் மேல்விளிம்பு மேசைமட்டத்துக்கு அரை அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழைப்புளியின் அலகு போய்விடும். இரும்புத் தாடைகளுக்கு மரப்பலகை முகம் கட்டுவதும் இதற்காகத்தான். தாடையின் ஒரு முனையில் மட்டும் மரத்தைப் பிடிக்க நேர்ந்தால், மறுமுனையில் அதே தடிமனில் ஒரு துண்டுக்கட்டை. இல்லையென்றால் தாடை கோணிக்கொள்ளும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இருபது வயதிருக்கும் பையன் ஒருவனைக் கூப்பிட்டார். மேசை அவனுக்குத்தான். இழைப்புளியைக் கையில் கொடுத்து, “நீ நட பேட்டா” என்றார். அவன் இடமிருந்து வலமாக நடந்தான். இடக்கைக்காரன். இத்தனை நாளும் மற்றவர்களின் மேசையில் உடம்பைத் திருகிக்கொண்டு இழைத்திருக்கிறான். யாரிடமும் வாய்திறந்து கேட்டதில்லை. இந்தத் தொழிலில் கருவியைப் பற்றி ஆயிரம் விவாதம் நடக்கிறது. அதைப் பிடிக்கிறவனிடம் எந்தக் கை என்று கேட்பதில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

வலது முன்காலின் உட்புறம் பென்சில் கோடு விழுந்தது. நாளை இந்த மேசைக்கு வலக்கைக்காரர் வந்தால் என்ன செய்வது என்றேன்.

“நாலு போல்ட்டுதானே? கழற்றி அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் விளிம்பைக் குடைந்து வைத்துவிடுகிறேன்” என்றார் மிஸ்திரி.