சாரல் தொடும் மண்

பொதிகை விரைவு ரயில் சங்கரன்கோவிலை விட்டுப் புறப்படும்போது பொழுது புலர்ந்திருந்தது. ஃபஜ்ருத் தொழுகையை இருக்கையிலேயே நிறைவேற்றிவிட்டுச் சாளரத்தோரம் அமர்ந்திருந்தேன். ஆனி மாதம். இருபுறமும் வறண்ட மானாவாரி நிலம். குடை விரித்தாற்போல் உடைமரங்கள், ஆங்காங்கே பனைகள், இடைவெளி கண்ட இடமெல்லாம் சீமைக் கருவேலம். பாம்புக்கோவில் சந்தை நிலையத்தைக் கடந்ததும் காட்சி மாறத் தொடங்கிற்று. வயல்கள், தென்னந்தோப்புகள், குளக்கரைகள். கடையநல்லூரில் இறங்கியபோது மேற்கே மலையைக் காணவில்லை, மேகம் மூடியிருந்தது. முகத்தில் சாரல் தெறித்தது.

ஒரு மணி நேரம்கூட நீடிக்காத பயணத்தில் இத்தனை மாற்றம் எதனால்? அரபிக் கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளப் புறத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கிழக்குப் புறம் மழை மறைவுப் பகுதியாகி விடுகிறது. ஆயினும் செங்கோட்டைக் கணவாய் வழியே தப்பி வரும் மிச்ச ஈரம் மலையடிவார ஊர்களைச் சாரலாய் நனைக்கிறது. அதைத் தாண்டிக் கிழக்கே செல்லச் செல்ல, ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே கதி.

மழையின் அளவும் வெப்பமும் எப்படியோ, அப்படியே அங்கு வாழும் மரமும் விலங்கும். இவ்வாறு ஒத்த தட்பவெப்பத்தில் ஒத்த உயிர்கள் வாழும் பெரும் பரப்பைச் சூழலியலார் உயிரின மண்டலம் என்பர். பாலைவனம், புல்வெளி, மழைக்காடு என்று பள்ளிப் பிள்ளைகள் உலகப் படத்தில் வண்ணம் தீட்டுகிறார்களே, அதுதான். அந்தப் படத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கடல் கடக்க வேண்டும். இங்கோ முள்காட்டில் தொடங்கி, கோடையில் இலையுதிர்க்கும் அடிவாரக் காட்டைக் கடந்து, பசுமை மாறாக் காட்டுக்கும் முகட்டுப் புல்வெளிக்கும் ஏறிவிடலாம். படைத்தவனின் அத்தாட்சிகளைக் காணத் தொலைதூரம் போக வேண்டியதில்லை போலும்.

ஏறிவிடலாம் என்றேனே தவிர, நாங்கள் ஏறவில்லை. இம்மலைக்காடுகள் 2015-ஆம் ஆண்டு நெல்லை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே நுழைதல் கூடாது. கருப்பாநதி அணைப் பக்கம் மாமாவுக்கு ஒரு தோப்பு உண்டு. அதன் வேலியோடு எங்கள் பயணம் முடிந்தது.

இவ்வூர் முஸ்லிம்கள் தறியை நம்பி வாழ்ந்தவர்கள். பின்னர் கப்பலேறிச் சிங்கப்பூரில் உழைத்தவர்கள். 1941-லேயே அங்கு கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம் காணும் அளவுக்கு அவர்களின் தொகை பெருகியிருந்தது. மாமாவும் அங்கு சம்பாதித்த காசில்தான் இந்தத் தோப்பை வாங்கினார். சென்ற ஆண்டு ஓர் இரவில் யானைகள் இறங்கின. நாற்பது தென்னங்கன்றுகளைப் பிடுங்கிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போயின. வடகரை, மேக்கரைப் பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கும் இது புதிய துன்பமன்று.

“வேலியில மின்சாரத்த நேரா கொடுத்திருங்கன்னு சொன்னவங்களும் உண்டு, மருமகனே” என்றார். “யானை மட்டுமா சாகும்? ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறவனும் சாவான். அந்த வாயில்லா ஜீவனுக்கு நாளைக்கு நான் பதில் சொல்லணும்ல?” சட்டமும் அதைத் தடுக்கிறது. சட்டத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

தோப்பின் மூலையில் ஓர் அத்திமரம் நின்றது. திருமறையில் ஓர் அத்தியாயமே இதன் பெயரால் அமைந்துள்ளது. நாம் அத்திக்காய் என்பது உண்மையில் பூக்களை உள்ளே மூடி வைத்த பை. ஒரு சிறு குளவி அதன் நுண்துளை வழியே சிறகொடிய நுழைந்து, மகரந்தத்தைச் சேர்த்து, அங்கேயே முட்டையிட்டு மடிகிறது. குளவியின்றி அத்திக்கு வித்தில்லை. அத்தியின்றி அக்குளவிக்குக் குஞ்சில்லை. பழுத்ததும் வௌவாலும் குரங்கும் மேலைக்காட்டின் இருவாச்சியும் தின்று, விதையை வேறிடத்தில் எச்சமாய் இடுகின்றன.

எல்லா உறவும் இத்தனை இனிமையானதன்று. ஆடுமாடு விரும்பித் தின்ற சீமைக் கருவேலக் காய்கள் சாணத்தோடு ஊரெங்கும் விதைக்கப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அம்மரம் உள்ளூர்ச் செடிகளை நெருக்கி எழுந்தது. ஒன்றை ஒன்று உண்பதும் உறவே. புல்லை மான் உண்ண, மானைப் புலி உண்ணும்; ஆனால் ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றலே மேலே செல்கிறது. பெருங்காடு ஒன்றில் புலிகள் சிலவே இருப்பதன் இரகசியம் இதுவே.

யானை ஒரு நாளில் ஏறக்குறைய 150 கிலோ தீனி தின்னும்; அதில் பெரும்பகுதி சரிவரச் செரிக்காமலே வெளியேறும். அந்தச் சாணத்தில் கிடக்கும் விதைகள் முளைக்கின்றன. வண்டுகள் அதைப் புதைத்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. அப்படி எழும் காடு மழைநீரை வேரிலும் சருகிலும் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகிறது. ஓடை கருப்பாநதிக்கும், நதி அணைக்கும், அணை வாய்க்கால் வழியே குளங்களுக்கும் நீர் தருகிறது. குளம் நிரம்பினால் மாமாவின் கிணறு ஊறும். அவர் தென்னைக்குப் பாய்ச்சும் நீரில் யானைக்கும் ஒரு பங்குண்டு.

இதை அவரிடம் விளக்கினேன். பொறுமையோடு கேட்டார். சொல்வது எனக்கு எளிது. நாற்பது கன்றுகளை இழந்தவர் அவரன்றோ. மரம் நட்டவனின் கனியைப் பறவையோ பிராணியோ உண்டால் அதுவும் தர்மம் என்ற நபிமொழியை நான் எடுக்குமுன் அவரே எடுத்தார். “ஆனா மருமகனே, தர்மம் கொடுக்கிறவனுக்கும் கொஞ்சம் மிச்சம் வேணும்” என்று சிரித்தார்.

மறுநாள் காலை மேகம் விலகி மலை முழுதும் தெரிந்தது. மாமா புளியங்குடிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்து எலுமிச்சை நாற்று வாங்கி, காட்டைப் பார்த்த வெளிவரிசையில் நடப்போகிறாராம். எலுமிச்சையை யானை அவ்வளவாகத் தொடாது என்கிறார்கள். “பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்” என்றபடி பையை எடுத்துக்கொண்டார்.