எந்த மாவீரன்?

தமிழில் 'மாவீரன்' மூன்று உண்டு. 1986-இல் ரஜினிகாந்த் நடித்தது ஒன்று. தெலுங்கில் 2009-இல் வந்த ராஜமௌலியின் 'மகதீரா', 2011-இல் தமிழ் பேசி 'மாவீரன்' ஆனது இன்னொன்று. 2023-இல் சிவகார்த்திகேயன் நடித்தது மூன்றாவது. பழைய கணினி ஒன்றில் ப்ளெக்ஸ், ஜெல்லிஃபின் மாதிரி மீடியா சர்வர் மென்பொருள் ஒன்றைப் போட்டு, 'மாவீரன்' என்று மட்டும் பெயர் வைத்த மூன்று ஃபோல்டர்களை வேறு வேறு டிஸ்க்கிலிருந்து உள்ளே விட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே போஸ்டர் வந்து நிற்கும். ப்ளெக்ஸ் இன்னும் ஒருபடி மேலே போகும். இவை ஒரே படத்தின் மூன்று பிரதிகள் என்று தானே முடிவு கட்டி, மூன்றையும் ஒரு போஸ்டருக்குள் அடுக்கிவிடும். ரஜினி படம் அழிந்துபோய்விட்டதென்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். அது சிவகார்த்திகேயன் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும்.

வாங்கிச் சேர்த்த விசிடி, டிவிடிகளையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வீட்டு டிவியில் பார்க்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். என் வீட்டுச் சர்வரோடு உறவுக்காரர்கள், நண்பர்கள் வீட்டுச் சர்வர்களையும் நான்தான் சரிபார்க்கிறேன். கூலி, பெரும்பாலும் காபி.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சர்வர் படம் பார்ப்பதில்லை. கடிதத்தைப் பிரிக்காமல் முகவரியை மட்டும் பார்க்கும் தபால்காரரைப் போல, ஃபைல் பெயரையும் ஃபோல்டர் பெயரையும்தான் அது படிக்கிறது. பெயரில் தொங்கும் 1080, புளூரே மாதிரியான வால்களை நறுக்குகிறது. நான்கு இலக்க எண் இருந்தால் அதை ஆண்டாக எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை டிஎம்டிபி என்னும் பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்பித் தேடுகிறது. வருகிற பட்டியலில் தனக்குப் பொருத்தமாகத் தோன்றும் முதல் படத்தை ஒட்டிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுகிறது. ஆண்டு எழுதாவிட்டால், அதிகம் பேர் தேடும் படம்தான் பட்டியலில் மேலே நிற்கும். அதனால்தான் வெறும் 'விக்ரம்' என்றால் 1986-ஆம் வருடத்துக் கமலுக்கு 2022-ஆம் வருடத்துக் கமலின் போஸ்டர் ஒட்டிக்கொள்கிறது.

எனவே ஆண்டைப் பிறை அடைப்புக்குள் எழுதுவதுதான் பாதி வைத்தியம். நம் சினிமாவுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் தேவை. பழைய ரஜினி படத் தலைப்புகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறோம். 'பில்லா' 1980, 2007. 'பொல்லாதவன்' அதுவும் 1980, 2007. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே என்ன ஒப்பந்தமோ தெரியவில்லை. 'தில்லு முல்லு' 1981, 2013. 'மாப்பிள்ளை' 1989, 2011. தலைப்பே எண்ணாக இருந்தால் குழப்பம் கூடும். 2009-இல் வெளியான '2012' என்ற ஆங்கிலப் படத்தில், தலைப்பு எது, ஆண்டு எது என்று அடைப்புக்குறி ஒன்றுதான் சொல்லும்.

ஆண்டு தெரிந்தால் எழுதிவிடலாம். தெரியாத ஃபைலை என்ன செய்வது? எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். உறவினர் ஒருவர் நீட்டும் ஹார்ட் டிஸ்க்கில் 'படம் 3', 'புதுசு', 'அப்பா பாக்க' என்றெல்லாம் பெயர்கள் இருக்கும். நான் போஸ்டர் தேடுவதில்லை. படத்தைப் போட்டு முதல் சில விநாடிகளை நிறுத்திப் பார்ப்பேன். தணிக்கைச் சான்றிதழ் வரும். தியேட்டரில் யாரும் கவனிக்காமல் கடந்துபோகிற அந்தத் தாளைவிட நம்பகமான சாட்சி இந்த வேலையில் கிடையாது. படத்தின் பெயர், மொழி, சான்றளித்த தேதி, ஃபிலிம் காலத்துப் படமென்றால் நீளம் மீட்டரில். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 27.4 மீட்டர் ஓடும். 4,115 மீட்டர் என்றிருந்தால் சுமார் 150 நிமிடப் படம். உங்களிடம் இருப்பது 118 நிமிடம்தான் ஓடுகிறதென்றால், ஒன்று டிவிக்காக வெட்டியது, இல்லையேல் இரண்டாவது சிடியை யாரோ தொலைத்திருக்கிறார்கள்.

அந்தத் தேதியை அப்படியே ஆண்டாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. பொங்கலுக்கு வரும் படத்துக்கு டிசம்பரிலேயே சான்றிதழ் வாங்கியிருப்பார்கள். தரவுத்தளமோ வெளியான ஆண்டைத்தான் வைத்திருக்கும். வீடியோ வெளியீட்டுக்கென்று தனியாக வாங்கிய சான்றிதழ் என்றால் தேதி பல வருடம் பிந்திக்கூட இருக்கலாம். சான்றிதழையே வெட்டியெறிந்த பிரதி என்றால் டைட்டில் கார்டு. நடிகர் பெயர்களைவிட ஒளிப்பதிவாளர், எடிட்டர் பெயர்களைத்தான் நான் குறித்துக்கொள்வேன். நாயகனின் பெயரை வைத்துத் தேடினால் நூறு படம் வரும். எடிட்டரையும் ஒளிப்பதிவாளரையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றிரண்டில் வந்து நிற்கும்.

ஓடும் நேரத்தில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. விநாடிக்கு 24 சட்டமாக எடுத்த படத்தைப் பால் (PAL) என்னும் டிவி ஒளிபரப்பு முறைக்காக 25 சட்டமாக ஓட்டினால் நேரம் நான்கு சதவீதம் குறையும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு காட்சியும் போயிருக்காது, பாட்டுகள் மட்டும் கொஞ்சம் அவசரமாகக் கேட்கும். இது தெரியாமல் ஆறு நிமிடத்தைத் தேடி அலைந்தவர்களை அறிவேன்.

ஆண்டும் கைவிடும் இடங்கள் இருக்கின்றன. 2022-இல் விஜய் நடித்த 'பீஸ்ட்' வந்தது. அதே வருடம் இட்ரிஸ் எல்பா சிங்கத்தோடு மோதும் 'பீஸ்ட்'டும் வந்தது. 2023-இல் லோகேஷ் கனகராஜின் 'லியோ'. அதே வருடம் நெட்ஃபிளிக்ஸில் ஆடம் சாண்ட்லர் குரல் கொடுத்த பல்லியின் கதை, அதுவும் 'லியோ'. 2023 ஆகஸ்டில் ரஜினியின் 'ஜெயிலர்' வந்த சூட்டிலேயே மலையாளத்திலும் ஒரு 'ஜெயிலர்'. பெயரும் ஆண்டும் ஒன்றாக இருக்கும்போது சர்வரைக் குறைசொல்லிப் பயனில்லை. இங்கே எண் வேண்டும். டிஎம்டிபியில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் இருக்கிறது, அந்தப் பக்கத்தின் முகவரியிலேயே தெரியும். ஃபோல்டர் பெயரின் கடைசியில் அதைச் சேர்த்துவிட்டால் சர்வர் தேடவே போகாது, நேராக அந்தப் பதிவை எடுத்துக்கொள்ளும். ப்ளெக்ஸுக்குச் சுருள் அடைப்புக்குள், ஜெல்லிஃபினுக்குச் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும்.

திரையிலேயே திருத்தும் வசதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ப்ளெக்ஸில் 'ஃபிக்ஸ் மேட்ச்', ஜெல்லிஃபினில் 'ஐடென்டிஃபை'. இரண்டு சொடுக்கில் வேலை முடியும். அவசரத்துக்கு நானும் பயன்படுத்துவேன், ஆனால் நம்பமாட்டேன். அப்படிச் செய்த திருத்தம் சர்வரின் தரவுக் கோப்புக்குள் மட்டும்தான் வாழும். கணினி மாறினால், சர்வரைப் புதிதாக நிறுவினால், ப்ளெக்ஸிலிருந்து ஜெல்லிஃபினுக்குத் தாவினால், அத்தனை உழைப்பும் போச்சு. ஃபோல்டர் பெயரில் எழுதியது ஹார்ட் டிஸ்க்கோடு கூடவே வரும். பெயரை மாற்றிய பிறகும் ப்ளெக்ஸ் பழைய போஸ்டரையே பிடித்துக்கொண்டு நின்றால், அனுபவஸ்தர்கள் 'ப்ளெக்ஸ் டான்ஸ்' என்று சொல்லும் சடங்கைச் செய்ய வேண்டும். ஃபோல்டரை லைப்ரரிக்கு வெளியே நகர்த்து, ஸ்கேன் செய், குப்பையைக் காலிசெய், மிச்சம் மீதியைத் துடை, திரும்பக் கொண்டுவந்து வை, மறுபடி ஸ்கேன் செய். கேலிப் பெயர்தான், ஆனால் வேலை செய்கிறது.

டப்பிங் படங்களுக்கு வருகிறேன். என் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்.

"ஏண்டா, அம்பிகாபதின்னு சிவாஜி படம் போட்டிருக்கு. உள்ள பார்த்தா தனுஷ் காசியில சுத்திட்டிருக்கான்?"

"அது வேற அம்பிகாபதி சித்தப்பா. 2013-ல வந்தது. இந்திப் படத்தோட டப்பிங்."

"அப்ப சிவாஜி எங்க?"

"அந்தப் படம் நம்மகிட்ட இல்லவே இல்ல சித்தப்பா."

"இல்லாத படத்துக்கு எதுக்குடா போஸ்டர்?"

நியாயமான கேள்வி. எம்.கே. தியாகராஜ பாகவதரின் 1937 'அம்பிகாபதி', சிவாஜியின் 1957 'அம்பிகாபதி', 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவமான 2013 'அம்பிகாபதி' என்று மூன்று இருக்க, கடைசிப் படம் தரவுத்தளத்தில் 'ராஞ்சனா' என்ற இந்திப் பெயரில்தான் உட்கார்ந்திருக்கும். சர்வர் பெயர் ஒத்துப்போன சிவாஜியைப் பிடித்துக்கொண்டது. தவறான பொருத்தத்தை நான் ஏன் இவ்வளவு பொருட்படுத்துகிறேன் என்பதற்கு சித்தப்பாவின் கேள்வியே விளக்கம். இருக்கிற படத்தை மறைத்து, இல்லாத படத்தை இருப்பதாகக் காட்டுகிறது, ஒரே நேரத்தில் இரண்டு பொய். எதுவும் பொருந்தாமல் சாம்பல் கட்டமாகக் கிடக்கும் ஃபைல் என்னைப் பார் என்று கூப்பிடும். அழகான போஸ்டரோடு இருக்கும் தவறான ஃபைலை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனால் புது லைப்ரரி ஒன்று கைக்கு வந்தால் சாம்பல் கட்டங்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிகிற வரிசைகளைத்தான் முதலில் பார்ப்பேன். சர்வர் காட்டும் விவரத்தில் இருக்கும் நேரத்தையும் ஃபைலின் உண்மையான நேரத்தையும் ஒப்பிட்டால் பாதித் திருட்டு அங்கேயே பிடிபடும். விஜயின் 'பீஸ்ட்' இரண்டரை மணி நேரத்துக்கு மேல், எல்பாவின் 'பீஸ்ட்' ஒன்றரை மணி நேரம்.

டப்பிங் படத்தை எந்தப் பெயரில் வைப்பது என்பதில் என் கட்சி இது. எண் மூலப்படத்துடையது, திரையில் தெரியும் பெயர் வீட்டார் சொல்லும் பெயர். 'மகதீரா'வின் எண்ணைக் கொடுத்துப் பொருத்திவிட்டு, தலைப்பை மட்டும் 'மாவீரன்' என்று மாற்றிப் பூட்டிவிடுவேன். பூட்டாவிட்டால் அடுத்த புதுப்பிப்பில் பழைய பெயர் திரும்பி வந்துவிடும். மணிரத்னத்தின் 'ராவணன்' விஷயம் வேறு. 2010 ஜூனில் தமிழிலும் இந்தியிலும் ஒரே நாளில் வந்த இரண்டு தனிப்படங்கள் அவை. இரண்டிலும் ஐஸ்வர்யா ராய், இரண்டிலும் விக்ரம். தமிழில் வீரா, இந்தியில் போலீஸ் அதிகாரி தேவ். போஸ்டரில் தெரிந்த முகங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டால் தவறு அப்படியே தங்கிவிடும். அபிஷேக் பச்சன் இருக்கிறாரா, பிரித்விராஜ் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

எந்தத் தரவுத்தளத்திலும் சேராதவை உண்டு. கல்யாண வீடியோக்களைச் சினிமா லைப்ரரிக்குள் போட்டுவைத்தால், அத்தை மகளின் கல்யாணத்துக்கு எந்த நாட்டுப் படத்தின் போஸ்டரோ வந்து ஒட்டிக்கொள்ளும். வீட்டு வீடியோவுக்கென்று தனி லைப்ரரி வகை இருக்கிறது, அங்கே வைத்தால் தீர்ந்தது. பழைய தமிழ்ப் படம் ஏதாவது டிஎம்டிபியில் இல்லையென்றால், கணக்குத் திறந்து நாமே பதிவைச் சேர்க்கலாம். அது பயனர்கள் எழுதிச் சேர்த்துக்கொண்டே போகும் களஞ்சியம். டைட்டில் கார்டைப் பார்த்துப் பெயர்களை உள்ளிட்டால், நமக்கு மட்டுமின்றி அந்தப் படம் வைத்திருக்கும் எல்லாருக்கும் அடுத்த ஸ்கேனில் விவரம் போய்ச் சேரும்.

தொடர்கள் தனிச் சிக்கல். 'தி ஆபீஸ்' 2001-இல் பிரிட்டனில் வந்ததா, 2005-இல் அமெரிக்காவில் வந்ததா என்பது ஃபோல்டரில் ஆண்டைப் போட்டால் தீரும். உண்மையான தலைவலி எபிசோடு வரிசை. 2002-இல் ஃபாக்ஸ் ஒளிபரப்பிய 'ஃபயர்ஃபிளை'யின் தொடக்க எபிசோடையே கடைசியில்தான் காட்டினார்கள். டிவிடியில் அது முதலில் வரும். 'மணி ஹைஸ்ட்' ஸ்பெயின் டிவியில் 15 எபிசோடுகளாக ஓடியது. நெட்ஃபிளிக்ஸ் அதையே வெட்டி 22 ஆக்கியது. ஃபைல் ஒரு வரிசையிலும் சர்வர் இன்னொரு வரிசையிலும் இருந்தால், தொடரின் போஸ்டர் சரி, சீசன் சரி, உள்ளே ஒவ்வொரு எபிசோடின் பெயரும் கதைச்சுருக்கமும் வேறொன்றுடையது. அடுத்து யார் சாகப்போகிறார் என்பதை முன்கூட்டியே படித்துவிட்டு வீட்டில் சண்டை வரும். ஒளிபரப்பு வரிசையா, டிவிடி வரிசையா என்று தேர்ந்தெடுக்க அமைப்பு இருக்கிறது. மாற்றுமுன் இரண்டு எபிசோடையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். 'கோலங்கள்' மாதிரி ஆயிரத்தைத் தாண்டிய தினத்தொடர் என்றால் எண்ணையே விட்டுவிட்டு, ஆண்டு, மாதம், நாள் என்று ஒளிபரப்புத் தேதியைப் பெயராக வைப்பது நல்லது.

'மர்மதேசம்' விஷயத்தில் எனக்கும் ஒரு நண்பனுக்கும் தீராத வழக்கு. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'ரகசியம்', 'விடாது கருப்பு', 'சொர்ண ரேகை' எல்லாம் ஒரே தொடரின் சீசன்கள் என்பது என் கட்சி. கதையும் ஆட்களும் வேறு, எனவே தனித்தனித் தொடர்கள் என்பது அவன் கட்சி. அவன் அம்மா ரிமோட்டைக் கையில் எடுத்தால் 'விடாது கருப்பு' என்றுதான் தேடுவார், 'மர்மதேசம்' என்று தேடமாட்டார். அந்த வீட்டுக்கு அவன் செய்திருப்பது சரி. என் சர்வரில் மாற்றுவதாக இல்லை.