மூணு எம்பிக்குள்ள படம் இருக்காது

"ப்ராஜெக்ட் ஃபைல் அனுப்பிட்டேன், பாத்துக்கோ"ன்னு யாராவது 3 எம்பி-யில் ஒன்றை அனுப்பினால், உடனே தேங்க்ஸ் சொல்லிடாதீங்க. அதில் படம் இல்லை. விலாசம் மட்டும்தான் இருக்கு.

பிரீமியர் ப்ரோவோ டாவின்சி ரிசால்வோ, எந்த எடிட்டிங் மென்பொருளும் பொதுவாக வீடியோவைத் தன் ப்ராஜெக்டுக்குள் வைத்துக்கொள்வதில்லை. 'டி டிரைவ்ல இந்த ஃபோல்டர், இந்த கிளிப், 12வது நொடியில இருந்து 17வது நொடி வரை' என்று குறித்து வைக்கும். அவ்வளவுதான். உங்க லேப்டாப்பில் அந்த டி டிரைவே இல்லையென்றால் 'மீடியா ஆஃப்லைன்' என்று திரை முழுக்கச் சிவப்பு.

சரி, வீடியோவையும் சேர்த்து அனுப்பலாமே என்பீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 100 எம்பிபிஎஸ்-ஸில் எடுத்த 4கே வீடியோ நிமிஷத்துக்கு 750 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஹாஸ்டல் வைஃபையில் 10 எம்பிபிஎஸ் அப்லோட் கிடைத்தாலும் (கிடைத்தால்!) 10 மணி நேரம். கூகுள் டிரைவில் இலவச இடம் 15 ஜிபிதான். அதிலேயே ஜிமெயிலும் ஃபோட்டோஸும் குடித்தனம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் பிழிந்து சக்கையாகத்தான் வரும்.

இது வெறும் டெக்னிக்கல் தலைவலி இல்லைன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எங்க மீடியா கிளப்பில் எடிட்டிங் நடப்பது பாய்ஸ் ஹாஸ்டலில், ராத்திரி பதினோரு மணிக்கு மேல். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் அங்கேதான். எங்க ஹாஸ்டல் கேட் எட்டரைக்கு மூடிடும். நாங்களும் ஸ்கிரிப்ட் எழுதினோம், லைட் பிடிச்சோம், வெயிலில் நின்னு சவுண்ட் எடுத்தோம். ஆனா 'எடிட்டிங்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பொண்ணு பேர்கூட வந்ததில்லை. யாரும் வேணும்னே தடுக்கலை. "ஃபைல் பெருசும்மா, உன் லேப்டாப் தாங்காது." இது ஒண்ணுதான் பதில். லேப்டாப் வெச்சிருந்த அண்ணனும் பாவம்தான். மொத்த கிளப்பும் அவர் கட்டில்மேல உட்கார்ந்திருக்கும், காலையில அவருக்கு இன்டர்னல் டெஸ்ட்.

இதை உடைச்சது ப்ராக்ஸி. கிளாஸில் போடுற அதே ப்ராக்ஸிதான்: வராதவனுக்குப் பதிலா இன்னொருத்தன் 'யெஸ் சார்' சொல்றான். ஒவ்வொரு 4கே கிளிப்புக்கும் 720பி-யில் ஒரு குட்டி நகல் எடுத்துக்கணும். ரிசால்வின் இலவசப் பதிப்பே இதைச் செய்து தரும். 5 எம்பிபிஎஸ்-ஸில் எடுத்தால் அந்த 45 ஜிபி, இரண்டே கால் ஜிபி ஆகிவிடும். பென்டிரைவில் அடங்கும். 8 ஜிபி ரேம் வைத்திருக்கும் என் லேப்டாப்பும் முணுமுணுக்காமல் ஓட்டும். நான் குட்டி நகலை வைத்து வெட்டி ஒட்டி, ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் திருப்பி அனுப்புவேன். அங்கே அது ஒரிஜினலோடு சேர்ந்துகொள்ளும், ஃபைனல் ரெண்டர் அங்கேயே நடக்கும். ரெண்டு பக்கமும் சரக்கு இருந்தால், போய் வருவதற்கு 3 எம்பி விலாசம் போதும்.

ஆனால் பெயர் விஷயத்தில் கறாரா இருக்கணும். சில கேமராக்கள் கிளிப்புகளுக்கு சி0001, சி0002 என்று வரிசையாகப் பெயர் வைக்கும். ரெண்டு கேமரா இருந்தால் ரெண்டு சி0001. கார்டை ஃபார்மேட் செய்த பிறகு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் மூணாவது சி0001. ரீலிங்க் செய்யும்போது பெயரை மட்டும் பார்த்து எதையாவது இழுத்துப் போட்டால், டான்ஸ் வர வேண்டிய இடத்தில் சீஃப் கெஸ்ட் பொன்னாடை வாங்கிட்டு இருப்பார். அதனால் கார்டிலிருந்து எடுக்கும்போதே, மென்பொருளைத் திறப்பதற்கு முன்னாடியே, 'நாள் 1 - கேமரா ஏ' என்று தனித்தனி ஃபோல்டர் போட்டு, கிளிப் பெயரையும் மாற்றிவிடுங்க. ப்ராஜெக்டில் சேர்த்த பிறகு பெயரை மாற்றினால் விலாசம் போச்சு.

மொத்தத்தையும் வேறு ஒருத்தர் கையில் கொடுக்கணும்னா, பிரீமியரில் ப்ராஜெக்ட் மேனேஜர், ரிசால்வில் ப்ராஜெக்ட் ஆர்க்கைவ். இரண்டுமே சிதறிக் கிடக்கும் கிளிப்புகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும். டிஸ்க் எக்ஸ்ஃபேட்டாக இருக்கட்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபி-க்குப் பெரிய ஃபைலை வாங்காது. ரெண்டு பேரும் ஒரே வெர்ஷன் வைத்திருங்க. புதுசில் சேமித்ததைப் பழசு திறக்காது.

ஃபான்டை மறந்துடாதீங்க. பாமினியில் டைப் செய்த தமிழ் டைட்டில், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் செமிகோலனுமாகத்தான் தெரியும். யூனிகோடில் அடிச்சா எழுத்தாவது தமிழா இருக்கும், டிசைன் மட்டும் மாறும். எதுவானாலும் ஃபான்ட் ஃபைலையும் அதே ஃபோல்டரில் போட்டுடுங்க.

இந்த வருஷ கல்ச்சுரல்ஸ் ஃபுட்டேஜுக்கு ப்ராக்ஸி எடுத்து வெச்சிருக்கேன். ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்க ரெண்டு பேர் கேட்டு வாங்கிட்டுப் போயாச்சு. உங்களுக்கும் வேணும்னா 4 ஜிபி காலியா உள்ள பென்டிரைவோட வாங்க. எட்டரைக்குள்ள.