நாய் ஹாரன்

அத்தை மகன் செகண்ட் ஹாண்டில் ஒரு ஆல்டோ வாங்கினான். வாங்கின வாரமே அதுக்கு ஒரு ஹாரன் மாட்டினான். அழுத்தினால் நாய் குலைக்கும். சும்மா இல்லை, கடிக்க வருகிற மாதிரி. பாதிப் பணம் என்னுடையது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நாலு நாள் ஜாலியாகத்தான் போனது. அஞ்சாம் நாள் காலையில் ஆறரை மணி இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு தெருமுனை. முன்னால் பால்கார அண்ணாச்சி டிவிஎஸ் எக்ஸெல்லில் போய்க்கொண்டிருந்தார். வழியெல்லாம் இருந்தது, ஹாரன் தேவையே இல்லை. பக்கத்து சீட்டில் இருந்து கை நீட்டி அழுத்தினது நான்தான். மனுஷன் காலை மேலே தூக்கினார், வண்டி சாய்ந்தது, ரெண்டு கேன் பாலும் ரோட்டில். கீழே கிடந்தபடியே, "ஏல தம்பி, நாய் எங்கல போச்சு?" என்று தேடினார் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. முழங்கையில் தோல் பெயர்ந்திருந்தது. பால் காசு கொடுத்தோம். என்ன நடந்தது என்று அப்போது சொல்லவில்லை.

பி.காமில் பிசினஸ் லா படிக்கிறவன் ஆச்சே, வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடினேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 119-வது விதி. மாறி மாறிப் பல சுரங்களில் ஒலிக்கும் ஹாரன் வண்டியில் மாட்டக் கூடாது. "நாய்க்கு ஏதுடா பல சுரம்? ஒரே சுரம்தான்" என்றான் மச்சான், வக்கீல் மாதிரி. ஆனால் அதே விதியின் அடுத்த பாதியில் மாட்டிக்கொண்டான்: அளவுக்கு மீறி கரகரப்பாகவோ, கிறீச்சென்றோ, பலமாகவோ, மிரட்டும்படியோ சத்தம் போடும் எந்தக் கருவியும் கூடாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் போன்ற வண்டிகளுக்குத்தான் விலக்கு. கவனியுங்கள், அழுத்துவது மட்டும் அல்ல, மாட்டியிருப்பதே தப்பு.

தண்டனையைப் பார்த்ததும்தான் அவன் முகம் மாறியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 190(2) பிரிவில் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். லைசென்சும் மூன்று மாதம் போகும். காரணமில்லாமல் ஹாரன் அடித்ததற்கு 194எஃப் தனி, முதல் தடவை 1,000. கடைக்காரர் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'வாங்குபவனே உஷார்' என்று அஞ்சு மார்க்குக்கு எழுதினவன் நான், எனக்கே உறைக்கவில்லை.

புல்லாங்குழல், தபலா சத்தத்தில் ஹாரன் கொண்டுவர யோசிப்பதாக அமைச்சர் நிதின் கட்கரி 2021-லும் 2025-லும் பேசியிருக்கிறார். "நம்ம நாயும் இந்திய நாய்தானே" என்று மச்சான் கடைசி வாதம் வைத்தான். மறுநாளே கழற்றிவிட்டோம். கழற்ற எலக்ட்ரீஷியன் 150 ரூபாய் வாங்கினார்.

அப்புறம் ஒருநாள் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேல, பத்து நாளா அந்தத் தெருவுக்குப் போகாம சுத்திப் போறேன்" என்றார்.