ஆல்பம் போடுவது

சொந்தப் படங்களை வைத்து ஆல்பம் போடுவதில் பாதி வேலை, படங்களைக் கழிப்பது. ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம்தான். கழுவிப் பிரிண்ட் போடும் செலவை நினைத்தே எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவாகிவிடும். கைப்பேசியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு நாள் ராமேஸ்வரம் போய்வந்தாலே படங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்துவிடுகின்றன. ஒரே காட்சியை ஐந்தாறு முறை எடுத்திருந்தால் ஒன்று போதும். கோபுரமும் கடலும் எல்லோரிடமும் இருக்கும் படங்கள். அவற்றைக் குறைத்துக்கொண்டு, அக்னி தீர்த்தத்தில் ஈரத் தலையோடு நிற்கும் பாட்டிக்கும், எல்லோரும் உட்கார்ந்து இட்லி சாப்பிட்ட கடைக்கும் இடம் கொடுக்க வேண்டும். பல வருடம் கழித்துப் புரட்டுகிறவர்களின் கை இந்தப் பக்கங்களில்தான் நிற்கும்.

தேர்ந்தெடுத்த படம் அச்சுக்குத் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. தெளிவான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது பொதுவான கணக்கு. 4000க்கு 3000 புள்ளிகள் உள்ள படத்தை 13 அங்குல அகலம் வரை தயங்காமல் போடலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கி வருகிறது. அதன் நீளப் பக்கம் 1600 புள்ளிதான் என்றால், ஐந்து அங்குலத்துக்கு மேல் பெரிதாக்கும்போது முகங்கள் கரைந்துபோகும். உறவினர் எடுத்த படம் வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குவதே சரி.

கைப்பேசிப் படத்தின் அகல உயரம் பெரும்பாலும் 4:3. ஸ்டூடியோவில் போடும் 6×4 பிரிண்ட் 3:2. அப்படியே கொடுத்தால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்பட்டுவிடும். குடும்பமாக நின்று எடுத்த படத்தில் முதலில் போவது பின்வரிசையில் நிற்கும் உயரமானவரின் தலை. எங்கே வெட்டுவது என்பதைக் கடைக்காரரிடம் விடாமல் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். திரை தானே ஒளிர்வது. தாளுக்கு அந்த வசதி இல்லை. அதனால் திரையில் பளிச்சென்று தெரிந்த படம் அச்சில் சற்று மங்கும். இருட்டான படங்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, ஒன்றிரண்டை மட்டும் முதலில் பிரிண்ட் போட்டுப் பார்த்துவிடலாம்.

பக்க அமைப்பில் பூவேலையும் தங்கக் கரையும் தேவையில்லை. கல்யாண ஆல்பத்துக்கு அது வழக்கமாக இருக்கலாம். பயணப் படத்தை அது அமுக்கிவிடுகிறது. ஒரு பக்கத்துக்கு ஒன்று முதல் மூன்று படங்கள், சுற்றிலும் வெள்ளை இடம் என்றால் கண்ணுக்கு இதமாக இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பரப்பும் படத்தில் யாருடைய முகமும் நடு மடிப்பில் விழக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், படத்தின் கீழே எழுதுவது. பெரும்பாலான வீட்டு ஆல்பங்களில் இல்லாததும் அதுதான். பாம்பனைக் கடக்கும் ரயிலின் ஜன்னல் வழியே எடுத்த படத்தில் கடல் மட்டுமே தெரியும். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. எந்தப் பாலத்தின் மேலிருந்து எடுத்த படம் என்பதை அடியில் எழுதிய தேதிதான் சொல்லும். ஆட்களின் பெயரும் அப்படியே. ‘அம்மா, சித்தி’ என்று எழுதினால், எழுதியவருக்குப் பின் யாருடைய அம்மா என்று கேட்க ஆள் இருக்காது. முழுப் பெயரும் ஊரும் வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள இன்றைய பிரிண்ட்டின் பின்புறத்தில் பென்சில் சரியாகப் பிடிக்காது. பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். ஆல்பத் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது.

ஆல்பத்துக்குப் பெரிய பகை ஈரம். மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடித்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பசைத் தாளின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் மூடிய பழைய வகை ஆல்பங்களில் பசையே காலப்போக்கில் படத்தை மஞ்சளாக்குகிறது. அவற்றில் இருப்பவற்றை முதலில் அப்படியே கேமராவில் பதிவு செய்துகொண்டு, பிறகு தாளுக்கும் படத்துக்கும் நடுவே மெல்லிய நூலை விட்டு மெதுவாக இழுத்துப் பிரிக்கலாம். பிடிவாதமாக ஒட்டியிருப்பதை இழுக்காமல், தாளோடு சேர்த்து வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.